மணலில் ஓடக்கூடிய சப்பாத்து

சாய்ந்தமருதுக் கடற்கரையில், தோணிகளை இழுத்து வைக்கும் இடத்துக்குத் தெற்கே கிறவல் மண் கொட்டி இறுகி, மேலே கடல் மணல் படிந்த ஒரு வெளி இருக்கிறது. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த பிறகு அங்கே போனால், கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண் ஒரு ஸ்கூட்டியின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஸ்கூட்டியில் இருக்கிற பெண் கண்ணை மூடிக்கொண்டு "யா அல்லாஹ்" என்று கத்திக்கொண்டிருப்பாள். பின்னால் ஓடுகிறவர் கமீலா, என் சாச்சி, உம்மாவின் தங்கை. கண்ணை மூடியிருப்பவள் யார் என்பது வாரத்துக்கு வாரம் மாறும்.

சாச்சி யாரிடமும் போய் "நான் பழக்குறன்" என்று சொன்னதில்லை. தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றியிறக்கத்தான் ஸ்கூட்டி வாங்கினார். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் பார்த்தாள். "ராத்தா, எனக்கும் ஒருக்காப் புடிச்சித் தாங்களன்" என்றாள். ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா, காக்கா என்றால் அண்ணன். அதோடு தொடங்கியது. புருஷன்மார் பழக்கினால் ஏசுவார்கள். வேறு ஆண்கள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட முடியாது. ஓடினால் ஊரே பின்னால் ஓடி வரும். சாச்சியும் ஏசத்தான் செய்வார், ஆனால் கைவிடமாட்டார். டீச்சர்மார், தையல்காரிகள், கல்யாணம் பேசி முடித்த பெண்கள் என்று எத்தனையோ பேர் அந்த வெளியில் விழுந்து எழும்பி, பிறகு லைசன்ஸ் எடுக்கப் போயிருக்கிறார்கள். முதலில் விழுந்தவள் நான். கணக்குப் பாடத்தில் விழுந்த அளவுக்கு அது நோகவில்லை.

சாச்சி பழக்குகிற விதம் ஒன்று இருக்கிறது. வண்டி சாயும்போது கையால் பிடிக்கமாட்டார். கையால் இழுத்தால் மேலே இருப்பவள் பயத்தில் கைப்பிடியை முறுக்கிவிடுவாள், வண்டி கடலுக்கே பாயும். அதனால் சாச்சி தன் காலைக் கொண்டுபோய் வண்டியின் அடியில் முட்டுக் கொடுப்பார். வண்டி அவர் காலில் சாய்ந்து நிற்கும். மேலே இருப்பவள் பூப்போல இறங்குவாள். சாச்சியின் காலில் இருப்பது றப்பர் செருப்பு.

நோன்பு முடிந்து வந்த மாதத்தில், கனமான ஒரு தையல்காரியோடு வண்டி சாய்ந்தது. சாச்சியின் பெருவிரல் நகம் கழன்று வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது சாச்சியின் புருஷன் மர்சூக் சாச்சா கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவர் அரிசி மில்லில் வேலை செய்கிறவர். சத்தமாகக் கதைக்கத் தெரியாது. இரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும்.

"இதோட எத்தின தரம் கமீலா?" என்றார்.

"நான் எண்ணல்ல."

"நான் எண்ணுறன். இன்னொருக்காக் கால்ல ரத்தத்தோட வந்தா இந்த வேல காணும். சொல்லிட்டன்."

சாச்சி கட்டுப் போட்ட காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். "சரி. இன்னொருக்கா ரத்தம் வந்தா நானே நிப்பாட்டுறன். ஆனா பழக்குறதுல பிழ இல்ல. பிழ செருப்புல. நான் சப்பாத்து வாங்கப் போறன்."

"எந்தச் சப்பாத்து?"

"நசியக் கூடா, மணல்ல ஓடணும், பாக்க வடிவா இரிக்கணும்."

"வடிவு எதுக்குகா? கால் தப்பினாக் காணாதா?"

"பழக வாறவளுகள் முதல்ல பாக்கிறது என்னத்தான். நான் வயலுக்கு மருந்தடிக்கப் போறவன் மாதிரி நிண்டா, ஸ்கூட்டி ஓடினா கடைசில இப்பிடித்தான் ஆகுமாக்கும் எண்டு ஊட்ட போயிருவாளுகள்."

இப்படித்தான் தேடல் தொடங்கியது.

நகம் ஆறியதும் நானும் சாச்சியும் கல்முனை பஸாருக்குப் போனோம். பெரிய சப்பாத்துக் கடை ஒன்றில் ஒரு பொடியன் ஓடி வந்தான்.

"பொம்புளைகளுக்கு பூட்ஸா? கலியாண ஊட்டுக்கா ராத்தா?"

அவன் கொண்டுவந்தது முழங்கால் வரைக்கும் ஏறுகிற கறுப்பு பூட்ஸ். பக்கத்தில் கண்ணாடிக் கல் பதித்திருந்தது. குதி என் நடுவிரல் அளவு. சாச்சி போட்டுப் பார்த்து எழும்பினார்.

"ஓடிப் பாக்கணும்."

"எங்க ராத்தா?"

"ரோட்டுல. வேற எங்க?"

பொடியன் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். "சாச்சி ஒலிம்பிக்குக்குப் போறா. கதைய வெளிய விட்டுராத" என்றேன். அவன் நம்பிவிட்டான், முதலாளியைக் கூப்பிட உள்ளே ஓடினான். அதற்குள் சாச்சி அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்மஸி வரைக்கும் ஓடித் திரும்பி வந்தார். ஒரு ஓட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, யாரைத் துரத்துகிறார் என்று பார்த்தார்.

"குதி மணல்ல புதையும். வேற காட்டுங்க."

வேறு என்பது ஆண்களின் வேலைச் சப்பாத்து. முன்பக்கம் இரும்பு வைத்தது. அதில் ஆகச் சின்னதுக்குள்ளும் சாச்சியின் கால் தோணிக்குள் படுத்த மீன் மாதிரி கிடந்தது.

"உள்ளுக்குத் துணி வெச்சிப் போடலாம் ராத்தா" என்றார் முதலாளி.

"கால் சப்பாத்துல இரிக்கணும் காக்கா, துணில இல்ல."

"பொம்புளைகள் இந்த மாதிரிச் சாமான் கேக்கிறல்லதானே. அதால எடுக்கிறல்ல."

"நான் கேக்கிறன்தானே. இனி எடுங்க."

நாலைந்து கடை ஏறி இறங்கியும் இதே கதைதான். ஆணுக்கு இருக்கிற சப்பாத்து வேலைக்கு. பெண்ணுக்கு இருக்கிற சப்பாத்து போட்டோவுக்கு. வேலை செய்கிற பெண்ணுக்கு என்று ஒரு கடையிலும் ஒரு தட்டும் இருக்கவில்லை.

சாச்சா இரக்கப்பட்டு வயல் சாமான் கடையிலிருந்து முழங்கால் றப்பர் பூட்ஸ் வாங்கி வந்தார். சாச்சி அதையும் போட்டு ஓடினார். ஓடும்போது பொளக், பொளக் என்று சத்தம் வந்தது. அஸ்மியா டீச்சர் அப்போதுதான் பழக வந்திருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார். கல்யாணம் பேசியிருந்த ஒருத்தி, "ராத்தா, நான் ஓடுறத வீடியோ எடுக்கக்குள்ள நீங்க கொஞ்சம் தள்ளி ஓடுங்க" என்றாள். மூன்றாம் நாள் பூட்ஸுக்குள் ஒரு நண்டு இருந்தது. நண்டு தானாக ஏறியது என்றுதான் நான் இன்றைக்கும் சொல்கிறேன். எப்படியோ, றப்பர் பூட்ஸ் அன்றோடு கோழிக்கூட்டின் மேலே ஏறியது.

அதற்குப் பிறகுதான் ஒரு கொட்டிலுக்குப் போனோம். காரைதீவுப் பக்கம் ரோட்டோரத்தில் வெளிநாட்டுப் பழைய சாமான்களை மூடைமூடையாகக் கொட்டி விற்கிற இடம். சப்பாத்துகள் மலைபோலக் கிடந்தன, சோடி பிரிந்து. சாச்சி கையை விட்டுக் கிளறினார். இழுத்த இழுப்பில் ஒரு இடது கால் பூட்ஸ் வந்தது.

தேன் நிறத் தோல். கணுக்காலை மூடுகிற உயரம். பக்கத்தில் இழுத்துப் பூட்டுகிற சிப். தட்டையான, தடித்த றப்பர் அடி. முன்முனை தட்டினால் கதவு மாதிரிச் சத்தம். உள்ளே வெண்மஞ்சளாக மெல்லிய தோல், கைக்குழந்தையின் கன்னம் மாதிரி. சாச்சி காலை விட்டார். கால் போய் உட்கார்ந்தது. நான் சாச்சியின் முகத்தைப் பார்த்தேன். பகிடி விட நினைத்திருந்ததை விட்டுவிட்டேன்.

"மத்தது எங்க தம்பி?" என்றார் கடைக்காரரிடம்.

"கிடந்தா அதுக்குள்ளதான் கிடக்கும் ராத்தா. இல்லாட்டி இல்ல."

"இல்லாட்டி இல்ல எண்ட கத இல்ல" என்று சொல்லிவிட்டுச் சாச்சி தரையில் உட்கார்ந்தார். மலையை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றத் தொடங்கினார். கடைக்காரர் தேநீர் குடித்து முடித்தார். மூடைகளையும் பிரிக்கச் சொன்னார் சாச்சி. பிரித்தார்கள். கடைசியில் நான்தான் கண்டேன்: வலது கால், ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் அண்டையாகக் கொடுத்து வைத்திருந்தது. மேசையை நான் தூக்க, சாச்சி உருவி எடுத்தார். ரோட்டில் ஓடிப் பார்த்தார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார்.

சாச்சா சப்பாத்தைக் கையில் வாங்கி, முன்முனையைப் பெருவிரலால் அமர்த்திப் பார்த்தார், நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. "ம்" என்றார். சாச்சாவின் அகராதியில் அது பெரிய பாராட்டு.

அந்தக் கிழமை முழுக்க வெளியில் ஒரே கூட்டம். தேன் நிறச் சப்பாத்தும் கறுப்பு அபாயாவுமாகச் சாச்சி ஓடுவதைப் பார்க்க நடைக்கு வருகிற பெண்களும் நின்றார்கள். வண்டி இரண்டு தரம் காலில் சாய்ந்தது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்காதவர்கள் இல்லை.

அஸ்மியா டீச்சரும் கேட்டார். ஒரு நாள் சாச்சி தோணி விளிம்பில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டினார். டீச்சர் மற்றதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே பார்த்தார். போனை எடுத்து எதையோ தேடினார்.

"கமீலா ராத்தா... உள்ளுக்கு இந்தப் புள்ளியளப் பாருங்க. மூணு மூணா இரிக்கி."

"டிசைன்தானே டீச்சர்."

"டிசைன் இல்ல. வட்ஸப்புல ஒரு வீடியோ வந்திச்சி. மயிர் முளைச்ச துளை இப்பிடி மூணு மூணா இரிந்தா அது... அதுட தோல்."

"எதுட?"

"அதுதான்கா. நாம பேர் சொல்லாதது."

எங்கள் வீடுகளில் பெண்கள் அந்தப் பிராணியின் பெயரை வாயால் எடுக்கமாட்டார்கள். எல்லாருக்கும் விளங்கட்டும் என்று "பண்டியா?" என்று நான் கேட்டேன். அத்தனை பேரும் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று என்மேல் பாய்ந்தார்கள், நான்தான் அதை உரித்துத் தைத்தவள் மாதிரி.

சாச்சியின் கால் வியர்வையில் ஊறியிருந்தது. ஈரத்தோடு அந்தத் தோல் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். அந்த ஈரக் காலோடு சாச்சி வண்டியில் கால் வைக்கிற பலகையில் ஏறியிருந்தார். அந்தப் பலகையில் எல்லாரும் கால் வைத்திருந்தார்கள்.

"நான் இதோட போய்த் தொழுதிட்டேனே!" என்றாள் கல்யாணப் பெண்.

"நான் புள்ளயத் தூக்கினேனே!" என்றாள் தையல்காரி.

கொஞ்ச நேரத்தில் வெளி காலியாகிவிட்டது. பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பழகுகிற பெண்களுக்காகச் சாச்சி வைத்திருந்த வட்ஸப் குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். போன் டிங், டிங் என்றது. சாச்சி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, காலைக் கழுவினார், வாசலைக் கழுவினார், பாயைக் கழுவினார், ஸ்கூட்டியைக் கழுவினார். நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன்.

சாச்சா பார்த்துக்கொண்டு நின்றார். "காணும் கமீலா. இனி அந்தச் சப்பாத்தும் வேணா, இந்த ஓட்டமும் வேணா."

"நீங்க சொன்னது ரத்தம் வந்தா எண்டு. எனக்கு எங்க ரத்தம்?"

"ஒருத்தியும் வரமாட்டாளே இனி."

"வருவாளுகள். அவளுகள் கோவத்துல போகல்ல, அருவருப்புல போயிரிக்காளுகள். அருவருப்பக் கழுவலாம்."

மறுநாள் சாச்சி மௌலவிக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். உள்தோலை முழுக்க உரித்தெடுத்துவிட்டு, வெளித்தோல் மாட்டினுடையது என்றால், அதை ஏழு தரம் முறைப்படி கழுவினால் சுத்தம்தான் என்றார் மௌலவி. பிறகு, "ஏன் தங்கச்சி இவ்வளவு கரைச்சல்? புதுசா ஒண்டு வாங்கலாமே?" என்றார்.

"வாங்கலாம் ஹஸரத். பொம்புளக் கால் அளவுல, மணல்ல ஓடுற, நசியாத சப்பாத்து விக்கிற கட எது? சொல்லுங்க, இப்பவே போறன்."

"கழுவுங்க தங்கச்சி" என்றார் மௌலவி.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கராசா அண்ணன் பையும் சப்பாத்தும் தைக்கிறவர். சாச்சி சப்பாத்தைப் பைக்குள் பை போட்டுக் கொண்டுபோனார். அவர் வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"வெளிய மாட்டுத் தோல், நல்ல சாமான். உள்ளுக்கும் நல்ல தோல் தங்கச்சி. இத உரிக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"உரிங்க அண்ணன்."

"காரணம்?"

நான் மூன்று விரலை நீட்டிக் காட்டினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓ, அதா? சரி, நான் உரிக்கிறன். எனக்கு அதால ஒண்டும் இல்ல. ஆனா ஏழு தரம் கழுவினா இது செத்திரும்."

"சாகாது."

"செத்தா?"

"செத்தா அடக்கிட்டு வேற தேடுவன். நீங்க உரிங்க."

உரித்தார். சாச்சி அதை வீட்டில் கழுவவில்லை. போனவர்கள் ஒவ்வொருத்திக்கும் போன் எடுத்து, "பழக வரத் தேவல்ல. பாக்க வாங்க" என்று மட்டும் சொன்னார். சும்மா பார்க்கிறதென்றால் எங்கள் ஊரில் யாரும் வராமல் இருக்கமாட்டார்கள். வெளியின் நடுவில் பேசின், வாளி, வீட்டு முற்றத்து மண். சாச்சி அபாயாக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஊற்றினேன். முதல் தரம் மண் கரைத்த தண்ணீர். தேன் நிறம் குளத்துச் சேறாகிவிட்டது.

"கடல் மண்ணா, ஊட்டு மண்ணா?" என்று ஒருத்தி தூரத்தில் நின்று கேட்டாள்.

"ஊட்டு மண். கிட்ட வந்து பாருங்க."

வந்தாள். பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். நாலாம் தரத்திலிருந்து கூட்டமாக எண்ணத் தொடங்கிவிட்டார்கள். தையல்காரி, "அடிப்பக்கம் ஊத்துகா, அடிப்பக்கம்" என்று எனக்கு உத்தரவு போட்டாள். அஸ்மியா டீச்சர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏழாவது தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது.

சப்பாத்து சாகவில்லை, ஆனால் நோயாளிதான். வெயிலில் வைத்தால் சுருங்கும், நிழலில் உருவம் கெடாமல் காயவேண்டும் என்று தங்கராசா அண்ணன் சொல்லியிருந்தார். உள்ளே பேப்பர் திணித்தோம். பேப்பர் ஊறிக் கூழானது. அடுத்த நாள் காலை பார்த்தேன்: இரண்டு சப்பாத்துக்குள்ளும் உமி, மூடை கட்டுகிற மாதிரித் தட்டித் தட்டி நிரப்பியிருந்தது. மில்லில் உமியைத் தவிர மலிந்த சாமான் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் மில்லுக்குப் போகுமுன் சாச்சா ஈர உமியைக் கொட்டிவிட்டுக் காய்ந்த உமி போடுவார். நாங்கள் யாரும் காணவில்லை என்று நினைத்துக்கொண்டார். நாங்களும் காணாதவர்களாகவே இருந்தோம்.

காய்ந்ததும் உள்ளுக்குத் தைக்கத் துணி வேண்டும். மெத்தென்று, வியர்வை குடிக்கிற துணி.

வெள்ளிக்கிழமை காலையில் சாச்சா அலுமாரியைக் கிளறிக்கொண்டிருந்தார். "நான் உடுக்கிற மருதமுனைக் கைத்தறிச் சாறன் எங்க? நீலக் கட்டம் போட்டது."

"தங்கராசா அண்ணன்ட கடையில" என்றார் சாச்சி.

"தைக்கவா?"

"ஓம். தைக்கத்தான்."

"கிழிஞ்சிரிந்திச்சா?"

"அண்டைக்குக் கிழியல்ல."

சாச்சா அலுமாரிக் கதவைச் சாத்தினார். "அப்ப நான் ஜும்ஆவுக்கு எதோட போற?"

"காற்சட்டயோட போங்க. அழகா இரிப்பீங்க."

சப்பாத்து திரும்பி வந்தது. தேன் நிறம் பனங்கட்டி நிறமாகியிருந்தது, அதுவும் வடிவுதான். சிப்பைத் திறந்தால் உள்ளே நீலக் கட்டம். சாச்சி இரண்டு நாள் வீட்டு முற்றத்தில் நடந்து அதைப் பழக்கினார். மூன்றாம் நாள் வெளிக்குப் போனோம்.

வந்தது ஒரே ஒருத்தி, அஸ்மியா டீச்சர். மற்றப் பெண்கள் தோணிகளுக்குப் பக்கத்தில் காற்று வாங்குகிறவர்கள் மாதிரி உட்கார்ந்துகொண்டு எங்கள் பக்கமே பார்த்தார்கள். டீச்சர் சப்பாத்தைக் கேட்டு வாங்கினார். உள்ளே கையை விட்டு, விரல்நுனியால் தையல் நெடுகத் தடவினார். முனை வரைக்கும் போய்ப் பார்த்தார்.

"சாறன் துணி" என்றார்.

"மருதமுனை. இவளுட சாச்சாட."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சப்பாத்தைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

நேராக ஓட்டுவது டீச்சருக்கு வரும். திருப்பம்தான் வராது. வெளியின் கோடியில் கைப்பிடியை ஒடித்தார், வண்டி படுத்தது. சாச்சி பழகிய மாதிரியே காலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சர் இந்தத் தரம் பூப்போல இறங்கவில்லை. வண்டியோடு சேர்ந்து அப்படியே காலின் மேல் உட்கார்ந்துவிட்டார். தோணிப் பக்கமிருந்து ஒரு கூக்குரல் எழும்பியது. நான் ஓடினேன். ரோட்டோரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது, அதில் சாச்சா. மில்லில் இருக்கவேண்டிய மனிதர். இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கத்தாதிங்க டீச்சர். முதல்ல எழும்புங்க" என்றது சாச்சியின் குரல், அடியிலிருந்து.

வண்டியை நானும் டீச்சருமாகத் தூக்கினோம். சாச்சி கிறவலில் உட்கார்ந்து காலை இழுத்தார். சிப்பைத் திறந்தார். நான் முழங்காலில் குந்தி, சப்பாத்தை உருவி, விரல் ஒவ்வொன்றையும் அமர்த்திப் பார்த்தேன். பெருவிரலில் நகம் பாதிதான் வளர்ந்திருந்தது. அதை மெதுவாகத் தொட்டேன்.

"நோகுதா?"

"கூசுது. விடு புள்ள."

இரத்தம் இல்லை. ஒரு சிவப்புக்கூட இல்லை. சாச்சி வெறும் காலை ரோட்டுப் பக்கம் உயர்த்தி, விரல்களை விரித்துக் காட்டினார். சாச்சா பார்த்தார். ஹெல்மெட்டைத் தலையில் போட்டார், மோட்டார் சைக்கிளை உதைத்தார், மில் பக்கம் போனார்.

தையல்காரி முதலில் எழும்பி வந்தாள். கல்யாணப் பெண் அவளுக்குப் பின்னால். சாச்சி அவர்களைப் பார்க்கவில்லை. காலைச் சப்பாத்துக்குள் விட்டு, சிப்பை இழுத்து, அபாயாவைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"டீச்சர், ஏறுங்க. விழுந்தது அந்தக் கோடியில. இப்ப அந்தக் கோடியிலதான் திரும்பணும்."

"பயமா இரிக்கி ராத்தா."

"பயத்தோட ஏறுங்க. நான் பின்னால வாறன்."

டீச்சர் கண்ணைத் திறந்துகொண்டு வண்டியை ஓட்டினார். சாச்சி பின்னால் ஓடினார்.